வலப்பக்க இருக்கையில் சிட்னிக்கு

மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்குக் காரில் போகலாமா, பிள்ளைகளோடு போனால் கஷ்டமா என்று நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அப்பாவிடம் கேட்கிறார்கள். அப்பா பாதி வழி வரைக்கும் சொல்லி நிறுத்திவிடுகிறார். மீதியையும் சேர்த்து நான் எழுதுகிறேன். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். வகுப்பில் எழுந்து நின்றால் எனக்கு வாய் திறக்காது.

நாங்கள் போனது 1975 ஈஸ்டருக்கு, பெரிய வெள்ளிக்கு முந்திய வியாழக்கிழமை. சிட்னியில் கிரவீனில் இருக்கும் செல்வா அங்கிள், அமெரிக்காவுக்குத் திரும்பிப்போன ஒருவரிடம் ஒரு மஸ்டாங் வாங்கியிருந்தார். அது மெல்பேர்ணில் ஓடாமல் கிடந்தது. அப்பா ஒரு கராஜில் மெக்கானிக். சனி, ஞாயிறுகளில் எங்கள் வீட்டுப் பின்வளவில் வைத்து அதைத் திருத்தினார். திருத்திய காரைச் சிட்னியில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் பயணம். அம்மாவுக்கு வேலை, தம்பிமாருக்கு அம்மா வேண்டும். அதனால் மூத்த மகள் நான் கூடப் போனேன்.

காரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கரும்பச்சை நிறம், கூரை பின்னால் சரிந்து வாலோடு சேர்ந்துவிடும். கதவு நீளமும் பாரமும். எங்கள் வீட்டு முன்கதவைவிடப் பாரம் என்று நினைக்கிறேன். எஞ்சினில் எட்டு சிலிண்டர். நிறுத்தி வைத்திருக்கும்போதுகூடக் கார் மெதுவாகத் தோள் குலுக்கும். அந்தச் சத்தம் காதுக்கு வருமுன்பே நெஞ்சுக்கு வந்துவிடும். "கேள் பிள்ளை, எட்டும் ஒரு மாதிரி அடிக்குது" என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும் கேட்பேன்.

ஆனால் அது அமெரிக்கக் கார், ஸ்டியரிங் இடப்பக்கம். இந்த நாட்டில் வீதியின் இடப்பக்கம் ஓடவேண்டும். அப்படியென்றால் ஓட்டுகிறவர் புல்லோரம் இருப்பார், வீதியின் நடுப்பக்கம் பக்கத்தில் இருக்கிறவருக்கு வந்துவிடும். ஹியூம் நெடுஞ்சாலை அநேக இடங்களில் போக ஒன்று, வர ஒன்று. முன்னால் ஒரு லொறி போனால் அதற்கு அப்பால் என்ன வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த வேலை எனக்கு.

விடியற்காலை ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். மெல்பேர்ணின் வடக்கு எல்லையைத் தாண்ட ஆறரை. அங்கிருந்து காய்ந்த புல்வெளி, ஆடு, மறுபடியும் புல்வெளி. போன வருடம் வீதிப் பலகைகளை எல்லாம் கிலோமீற்றருக்கு மாற்றிவிட்டார்கள். காரின் வேகமானி மைலில் இருக்கிறது. பலகையில் நூறு என்று கண்டால் முள் அறுபதுக்குக் கொஞ்சம் மேலே நிற்கவேண்டும் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

முதல் பெற்றோல் வங்கரட்டாவில், நூற்றைம்பது மைலில். பெற்றோல் அடிக்கும் பையன் பழக்கத்தில் வலப்பக்க ஜன்னலுக்கு வந்து குனிந்தான். "எவ்வளவு அடிக்க, லவ்?" என்று என்னைக் கேட்டான். எனக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை என்பதைக் கண்டு ஒரு அடி பின்னால் போனான். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சொல்லு பிள்ளை, நீதானே சாரதி." நான் "ஃபுல்" என்று சொன்னேன். அன்று பிறத்தியாரிடம் நான் பேசிய முதல் சொல்.

அல்பரி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நான் எட்டிப் பார்த்து "வரேல்லை, போகலாம்" என்பேன். அப்பா மிதிப்பார். அந்தக் கார் முந்துவதைச் சொல்லி விளக்க முடியாது. பின்னாலிருந்து யாரோ முதுகோடு சேர்த்துத் தள்ளுவது போல இருக்கும். லொறி சட்டென்று இல்லாமல் போய்விடும். பயத்தோடு எனக்கு அது பிடித்தும் இருந்தது.

ஹோல்புரூக்கில், ஊர் நடுவில், வலப்பக்கத் தெருவிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. வலப்பக்கம் வருகிறவருக்கு வழி விடவேண்டும் என்பது இங்கே சட்டம். அப்பா வேகத்தைக் குறைக்கவே இல்லை. அந்தக் கார்தான் கிறீச்சிட்டு நின்று ஹோர்ன் அடித்தது. "விசரன்" என்றார் அப்பா. பிழை எங்களுடையது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு இருபது மைல் இருக்கும், முன்னால் ஆடு ஏற்றிய ஒரு லொறி. நேரான வீதி. பார்த்தேன், ஒன்றும் வரவில்லை, சொன்னேன். அப்பா முந்துவதற்குக் காரை வலப்பக்கம் எடுத்தார். லொறியின் நடுப்பகுதிக்கு வந்தபோது, வலப்பக்கத்தில் ஒரு பண்ணை வாசலிலிருந்து ஒரு சிறிய பண்ணை வண்டி இறங்கி எங்களை நோக்கித் திரும்பியது. அதன் சாரதி மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! முன்னாலை வண்டி!"

"எங்கை?" என்றார் அப்பா.

அந்தச் சொல்லை என்னால் மறக்க முடியாது. வண்டி எங்களுக்கு நேர் முன்னால், கொஞ்சம் வலப்பக்கமாக, பட்டப்பகலில் வந்துகொண்டிருந்தது. நான் "மிதியுங்கோ, மிதியுங்கோ" என்று கத்தினேன். அவர் மிதித்தார். கார் உறுமிப் பாய்ந்தது, லொறிக்காரர் பிரேக் போட்டார், நாங்கள் அதற்கு முன்னால் இடப்பக்கம் வந்து விழுந்தோம். பண்ணை வண்டி என் ஜன்னலில் காற்றடித்துக்கொண்டு கடந்தது. அந்த எஞ்சினில் அவ்வளவு பலம் இல்லாவிட்டால் இதை எழுத நான் இல்லை.

டார்கட்டாவில் நிறுத்தினோம். மெல்பேர்ண் லொறிகளும் சிட்னி லொறிகளும் சந்தித்துச் சாரதிகள் மாறிக்கொள்கிற சின்ன ஊர். சாப்பாட்டுக்கடையில் இருந்தபோது ஆட்டு லொறிக்காரர் வந்தார். கோபமாக இல்லை. "அந்த வண்டியை நீ காணவில்லையா, மேட்?" என்று கேட்டார். "கண்டேன், நல்லாகவே கண்டேன்" என்றார் அப்பா. லொறிக்காரர் தலையை ஆட்டிவிட்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

நான் தேநீர் வாங்கிவந்து அப்பாவின் வலக்கைப் பக்கம் வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

கொஞ்ச நேரம் போக, "தேத்தண்ணி எங்கை பிள்ளை?" என்றார்.

"உங்கடை பக்கத்திலை கிடக்கு, அப்பா."

அவர் தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தார். கோப்பையைக் கண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எப்ப துவக்கம்?" என்று கேட்டேன்.

"போன மாரியிலை ஒரு நாள் தலையிடி வந்தது. அதுக்குப் பிறகு வலப்பக்கம் புகை மாதிரி. கண்ணாடி மாத்தினாச் சரிவரும்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"விசர்க்கதை கதையாதை. டொக்டரிட்டைப் போனா லைசென்ஸை வாங்கிப் போடுவான். திருத்தின காரை ஓடிப் பாக்கேலாத மெக்கானிக்கை ஆர் வைச்சிருப்பான்? சாப்பிடு, வெளிக்கிடுவம்."

நான் சாப்பிடவில்லை. வெளியே போய்க் கடைப்படியில் இருந்தேன். அப்பா காரில் ஏறி எஞ்சினைப் போட்டார். அது தோள் குலுக்கத் தொடங்கியது. வலப்பக்கக் கதவு திறந்தே இருந்தது.

"ஏறு பிள்ளை."

"நான் வரேல்லை. நீங்களும் ஓடக்கூடாது."

"எனக்குச் சொல்லவோ வந்தனீ? வாயில்லாப் பிள்ளை எண்டு ஊரெல்லாம் சொல்லுது, இங்கை வந்து வாய் முளைச்சிருக்கு." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "அப்ப நான் தனியப் போறன்."

"போங்கோ. போய்ச் சேரமாட்டியள்."

லொறிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகம் நெருப்பாய்ச் சுட்டது. எழுந்து ஏறிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று தோன்றியது. ஏறவில்லை. கடைசியில் எஞ்சின் நின்றது. அப்பா இறங்கிப் பொதுத் தொலைபேசிக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

செல்வா அங்கிளின் குரல் வெளியே கேட்டது. "என்ன மச்சான், காருக்கு என்ன?"

"காருக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான்" என்றார் அப்பா.

அன்று அங்கேயே மோட்டலில் தங்கினோம். பதினான்கு டொலர், சுத்தமான அறை. அடுத்த நாள் மத்தியானம், மெல்பேர்ணுக்குப் போகிற ஒரு நண்பர் அங்கிளைக் கொண்டுவந்து இறக்கினார். அப்பா கேட்காமலே பின் இருக்கையில் ஏறினார். அது சிறு பிள்ளைகளுக்கான இருக்கை. முழங்கால் தாடைக்கு வரும். நான் வலப்பக்கம், அங்கிள் ஸ்டியரிங்கில். அங்கிளுக்கு இடப்பக்க ஸ்டியரிங் பழக்கமில்லை. கியர் மாற்றப் போய் மூன்று தரம் இடக்கையால் கதவில் இடித்தார். "கதவைக் கழட்டிப் போடாதை மச்சான், இப்பதான் பூட்டினது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அதற்குப் பிறகு கோல்பேர்ன் தாண்டும் வரை அப்பா கண்ணை மூடியிருந்தார். நித்திரை இல்லை, எஞ்சின் வேகம் மாறும்போதெல்லாம் அவர் விரல் முழங்காலில் அசைந்தது.

சிட்னியிலிருந்து ரயிலில் திரும்பினோம். அம்மாவுக்கு அப்பா தானே சொன்னார். கோளாறு கண்ணில் இல்லை, மூளையில் இரத்தம் போகாமல் விட்ட ஒரு சிறிய இடத்தில் என்றார் டொக்டர். அந்தப் பக்கத்துப் பார்வை திரும்பாது. லைசென்ஸ் போய்விட்டது. கராஜில் அப்பாவை வைத்துக்கொண்டார்கள், சம்பளம் குறைவு. எஞ்சின் பிரிக்கிற மேசை வேலை. ஓடிப் பார்ப்பதற்கு வேறொருவர்.

போகிறவர்களுக்கு: மொத்தம் ஏறக்குறைய ஐந்நூற்றைம்பது மைல். எட்டு சிலிண்டர்க் காருக்குப் பெற்றோல் இருபத்துமூன்று டொலர் போனது. சின்னக் கார் அதில் பாதியோடு போகும். ஒரே நாளில் ஓடாதீர்கள், நடுவில் தங்குங்கள். பண்ணை வாசல்களைக் கவனியுங்கள். இடப்பக்க ஸ்டியரிங் என்றால், "வேண்டாம்" என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரை வலப்பக்கம் இருத்துங்கள். அவர் சொன்னால் கேளுங்கள்.

எழுதி முடித்து அப்பாவிடம் கொடுத்தேன். தலையை மெதுவாக வலப்பக்கம் திருப்பித் திருப்பி முழுவதும் வாசித்தார். வேகமானி பற்றி எழுதியது சரி என்றார். கண் பற்றிய பகுதியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்" என்றார். "ஆராவது வாசிச்சிட்டு ஓடுறதை நிப்பாட்டட்டும்."