அம்மாவின் படம் போட்ட நோட்டீஸ்

கிருத்திகைக்கு மலைக்குப் போன அம்மா அன்னதானப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, முதியோர் இல்லம் நடத்தும் சங்கத்தார் அவளைப் படம் எடுத்தார்கள். அடுத்த மாதம் அரக்கோணம் ஸ்டேஷனில் அந்தப் படத்தை நோட்டீஸில் பார்த்தேன். ‘பெற்ற மகளே கைவிட்ட தாய், உதவுங்கள்’ என்றிருந்தது. அதற்குள் எங்கள் தெருவே பார்த்துவிட்டது. அம்மா இரண்டு வாரம் வாசலுக்கு வரவில்லை.

சங்கத் தலைவரிடம் போய்க் கேட்டேன். “நல்ல காரியத்துக்குத்தானம்மா போட்டோம். இதப் போயி பெருசு பண்ணிக்கினு,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

சங்கங்களைக் கண்காணிக்கும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். என் மனுவைப் படித்த கிளார்க் அம்மாள், “கோவத்த எழுதாதீங்க. நடந்தத எழுதுங்க. சங்கத்தோட பதிவு நம்பர் போட்டு, நோட்டீஸயும் சேத்துக் குடுங்க,” என்றார். மூன்றாவது தடவைதான் கோபமில்லாமல் எழுத முடிந்தது.

விசாரணைக்குப் போனவர்கள் அந்த இல்லத்தில் ஒரு முதியவரைக்கூடப் பார்க்கவில்லை. அறை நிறைய நோட்டீஸ் கட்டுகள்தான் இருந்தன.

தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். “மனுவ வாபஸ் வாங்கிக்கம்மா. உங்கம்மா கால்ல வேணா விழறேன்.”

“ஆங், விழுங்க. ஆனா வாபஸ் வாங்க மாட்டேன்,” என்றேன்.

விழுந்தார். அம்மா கூசிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். “போதும், விட்டுடும்மா,” என்றாள்.

நான் விடவில்லை. சங்கத்தின் பதிவு ரத்தானதும், பெயர்ப் பலகையைக் கழற்றுவதைப் பார்க்க வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன்.