துவைக்காத துண்டு

உங்கள் வீட்டில் வேலை செய்ய வருகிறவர் வாசலைத் தாண்டி உள்ளே போனதும் உங்கள் கை எதைத் தேடுகிறது? வாசனை அடிக்கும் டப்பாவையா? உரக்கச் சொல்ல வேண்டாம், மனதுக்குள் ஒப்புக்கொண்டால் போதும். ஒப்புக்கொண்டுவிட்டு இந்தப் பெண்ணின் கதையைக் கேளுங்கள்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவளை எல்லோரும் நாய்க்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளிடம் சொந்த நாய் கிடையாது. நான்காம் மாடி வீட்டின் இரண்டு நாய்களையும் நடக்கக் கூட்டிப்போவது, குளிப்பாட்டுவது, அவற்றுக்குச் சோறு வைப்பது, அவை நாசம் செய்ததைத் துடைப்பது, மிச்ச நேரத்தில் வீட்டையும் துடைப்பது, இதுதான் அவள் வேலை. அந்த நாய்களுக்கு நாக்கு சுளுக்கும் இரண்டு அயல்நாட்டுப் பெயர்கள் உண்டு. அவளுக்கு அவை பெரியவன், சின்னவன். அவையும் அந்தப் பெயர்களுக்குத்தான் திரும்பிப் பார்க்கும்.

இரண்டு பேருந்து மாறி, கூட்டத்தில் நசுங்கி, லிஃப்ட் இருந்தும் "வேலைக்காரங்க படியில வாங்க" என்ற பலகைக்குப் பயந்து நான்கு மாடி ஏறி வருகிறவளுக்கு வியர்க்கும். யாருக்குத்தான் வியர்க்காது? ஆனால் அவள் நடையைத் தாண்டி அடுப்படிக்குள் போன மறு நிமிடம் பின்னால் அந்தச் சத்தம் கேட்கும். "ஷ்ஷ்ஷ்." வீட்டுக்காரி டப்பாவை அழுத்துகிற சத்தம். யாரும் எதுவும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லலாம். டப்பாவுக்கு என்ன பதில் சொல்வது?

அந்த வீட்டின் நடையில் வீட்டுக்காரரின் துண்டும் தொங்கும். உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்து வியர்வை சொட்டச் சொட்ட மாட்டிவிட்டுப் போவார். அதற்கு யாரும் டப்பாவை அழுத்தியதில்லை. ஓடும் பட்டையில் நின்ற இடத்திலேயே ஓடி வருகிற வியர்வைக்கும் படியேறி வருகிற வியர்வைக்கும் எந்த ஆய்வகமாவது வித்தியாசம் கண்டுபிடித்திருக்கிறதா? உப்பும் தண்ணீரும்தான் இரண்டும். ஒன்றுக்கு ஆரோக்கியம் என்று பெயர், மற்றொன்றுக்கு நாற்றம் என்று பெயர். பெயர் வைத்தது மூக்கு அல்ல, திமிர்.

நாய்க்காரம்மாவுக்கு இப்படி யோசிக்கத் தெரியாமல் இல்லை. ஆனால் வெட்கம் யோசனையைக் கேட்பதில்லை. பையில் ஒரு சோப்புத் துண்டு வைத்திருந்தாள். கார் நிறுத்துமிடத்துக் குழாயில் கழுத்தையும் கையையும் கழுவிக்கொண்டுதான் படியேறுவாள். நான்காம் மாடி வருவதற்குள் மறுபடி வியர்த்துவிடும். மறுபடி "ஷ்ஷ்ஷ்."

அந்த வருடம் வீட்டுக்காரர்கள் விடுமுறைக்கு வெளிநாடு போக முடிவு செய்தார்கள். நாய்களை விட்டுவிட்டுப் போனால் நிம்மதி இருக்காது, அவையும் வரட்டும் என்று வீட்டுக்காரி சொன்னாள். அவ்வளவுதான், வீடு கல்யாண வீடானது. கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவு அடையாளச் சிப், அதற்குப் பிறகு வெறிநாய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, மருத்துவர் சான்று, இரண்டுக்கும் தனித்தனிக் கூண்டு. வாசல் காவலாளி அவளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா, பசங்க ரெண்டும் ஃபாரின் போகுதாமே. அம்மாவுக்கு டிக்கெட் போடலையா?"

"எனக்கு சிப் குத்தலையாம் தம்பி. அதான் விட்டுட்டுப் போறாங்க" என்றாள்.

சிரித்தாலும் அவளுக்குள் ஒரு தனிக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் மகளுக்கு நிறைமாதம், முதல் பிரசவம். மகள் இருப்பது வேறு ஊரில். நாய்கள் இருக்கிற வரை இவளுக்கு விடுப்பு என்ற பேச்சே கிடையாது. நாய்கள் போனால் அத்தனை நாளும் அவளுக்குச் சொந்தம். "அதுங்க கிளம்பின அன்னைக்கே நீ உன் பொண்ணுகிட்ட போ" என்று வீட்டுக்காரி வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் அந்த வீட்டில் நாய்களின் பயணத்துக்காக அவளைப்போல் ஏங்கியவர் வேறு யாருமில்லை.

கூண்டு வந்தது. நாய்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன, உள்ளே மட்டும் போகவில்லை. இறைச்சித் துண்டு வைத்தார்கள். பெரியவன் பின்கால்களை வெளியே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி, எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். தள்ளி உள்ளே விட்டால் கட்டடமே அதிர ஊளையிட்டான். அவன் ஊளையிட்டால் சின்னவன் சும்மா இருப்பானா?

நாய்களை விமானம் ஏற்றிவிடுவதையே தொழிலாக வைத்திருந்த ஏஜென்ட் ஒருவர் வந்து பார்த்தார். மயக்க ஊசி போட்ட நாயை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றார். கத்திக் கூண்டைக் கடிக்கிற நாயையும் வாங்க மாட்டார்கள். தானாக உள்ளே போய்ப் படுக்கப் பழக்கியே ஆக வேண்டும். அதற்கு அவர் சொன்ன வழி எளியது. நாய்க்கு யாரோடு இருந்தால் பயமில்லையோ, அவர் உடம்பில் கிடந்த துணியைத் துவைக்காமல் கூண்டுக்குள் விரிக்க வேண்டும்.

வீட்டுக்காரி தன் சால்வையை விரித்தாள். பெரியவன் மோந்து பார்த்துவிட்டுத் தும்மினான். வீட்டுக்காரரின் சட்டைக்கு அதுகூட இல்லை. ஏஜென்ட் சுற்றிலும் பார்த்தார். இரண்டு நாய்களும் நாய்க்காரம்மாவின் காலடியில் படுத்திருந்தன.

"நீங்க ஒரு துணி கொண்டு வாங்கம்மா. ரெண்டு நாளு போட்டுட்டு அப்படியே கொண்டு வாங்க" என்றார்.

வீட்டுக்காரியும் ஆமாம் என்றாள். அவளைப் பார்க்காமல், கூண்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

வீட்டுக்குப் போன நாய்க்காரம்மா தான் போட்டிருந்த பழைய மேல்சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூக்கருகே கொண்டுபோனாள், உடனே தள்ளிப் பிடித்தாள். எந்த வாடைக்காக இத்தனை வருடம் தினமும் பின்னால் டப்பா அடித்தார்களோ, அந்த வாடையையே மடித்து எடுத்துக்கொண்டு போய் நடுக்கூடத்தில் நாலு பேர் முன்னால் விரிப்பதா? உடம்பையே கழற்றிக் கொடுப்பதுபோல் இருந்தது அவளுக்கு. வாளியில் தண்ணீர் பிடித்தாள். சோப்புப் போட்டுத் துவைத்தாள். கடைசி அலசலில், பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய வாசனைத் திரவத்தையும் ஊற்றினாள். காய்ந்ததும் தேய்த்து மடித்து எடுத்துப்போனாள்.

நாய்கள் அந்தச் சட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். இதுவும் ஆகாவிட்டால் நாய்களை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், நீதான் இங்கேயே தங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும், மகளிடம் இப்போதே சொல்லிவிடு என்றாள். நாய்க்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஏஜென்ட் குனிந்து சட்டையை எடுத்து முகர்ந்தார்.

"கமகமன்னு இருக்கே. துவைச்சீங்களாம்மா?"

"இல்லீங்க" என்றாள். பொய் சொன்ன வேகத்தில் காது வரை சிவந்தாள். அவர் சட்டையை நீட்டிக்கொண்டே நின்றார். மடிப்புகூடக் கலையவில்லை.

"துவைச்சேன்" என்றாள் அப்புறம்.

"துவைக்கக் கூடாதுன்னு அவர் அத்தனை தடவை சொன்னாரே, உன் காதுல விழலையா?" என்றாள் வீட்டுக்காரி.

"விழுந்துச்சு மேடம். எப்படிக் கொடுக்கிறது? நாறும்ல."

அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னாள். சொல்லும்போது அவள் கண், கேட்காமலேயே, நடை மேசைக்குப் போய்விட்டது. அங்கே டப்பா நின்றது. வீட்டுக்காரியின் கண்ணும் கூடவே போனது. பிறகு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது. வீட்டுக்காரர் கைபேசியில் எதையோ தேடத் தொடங்கினார். அவரது துண்டு வழக்கம்போல் நடையில் சொட்டிக்கொண்டிருந்தது.

ஏஜென்டுக்கு இதெல்லாம் புரியவில்லை, அல்லது புரிந்தும் தன் வேலையைப் பார்த்தார். "அந்த இடுப்புத் துண்டைக் குடுங்கம்மா" என்றார்.

சற்று முன் படியேறி வந்ததும் கழுத்தைத் துடைத்த துண்டு அது. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டிக் கொடுத்தாள். ஏஜென்ட் கூண்டுக்குள் விரித்தார். பெரியவன் எழுந்தான். மோந்தான். உள்ளே போனான். ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கைத் துண்டுக்குள் புதைத்துக்கொண்டு படுத்து, பெருமூச்சு விட்டான். அடுத்த கூண்டுக்கு என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் சின்னவனும் அவன் மேலேறிப் படுத்துக்கொண்டான்.

வீடே கைதட்டியது. நாய்க்காரம்மா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயித்தவளின் முகமா அது? கூட்டத்தில் துணி அவிழ்ந்துவிட்டவளின் முகம் அது.

மறுநாள் "ஷ்ஷ்ஷ்" கேட்கவில்லை. டப்பாவை எங்கோ ஒளித்துவிட்டார்கள். வீட்டுக்காரியும் வெட்கப்பட்டாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கிளம்புகிற அன்று, இரண்டு கூண்டுகளிலும் ஆளுக்கொரு துவைக்காத துண்டோடு நாய்கள் சத்தமில்லாமல் வண்டி ஏறிய பிறகு, நாய்க்காரம்மாவின் கையில் ஒரு பரிசைத் திணித்தாள்.

"தப்பா எடுத்துக்காதே. நல்ல பிராண்டு" என்றாள்.

அது ஒரு சென்ட் பாட்டில்.

அறைந்திருந்தால்கூட ஆறியிருக்கும். கூனிக்குறுகி வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு, நாய்க்காரம்மா மகள் ஊருக்குப் பேருந்து ஏறினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் பேத்தி பிறந்திருந்தாள். மருத்துவமனைக் குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். அதுவும் போதாதென்று சென்ட்டைக் கழுத்திலும் தோளிலும் அடித்துக்கொண்டுதான் அறைக்குள் போனாள். குழந்தையைக் கையில் கொடுத்ததும் அது முகத்தைச் சுளித்துத் தும்மியது, வீறிட்டது. பெரியவன் தும்மியது போலவே.

"என்னம்மா இது, கடை மாதிரி மணக்கிற? நீ வந்த மாதிரியே இல்ல" என்றாள் மகள். "போய்க் கழுவிட்டு வா. அவளுக்கு உன் வாசனை தெரிய வேணாமா?"

கழுவிவிட்டு வந்தாள். மகள் மறுபடி குழந்தையை நீட்டினாள். இவள் தன் மார்புக்கும் குழந்தைக்கும் நடுவில் தடித்த ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டுதான் வாங்கினாள். துவைத்த துண்டு. அதை எடுக்கச் சொல்லி மகள் எத்தனை தடவை சொன்னாலும் எடுக்கவில்லை. குழந்தையின் தலை அவள் தோளுக்கு எட்டாமல் அந்தத் துணி மேலேயே தூங்கிப்போனது.

இந்த நாய்க்காரம்மா பிறக்கும்போது அந்தத் துண்டோடு பிறக்கவில்லை. தினமும் காலையில் யாரோ ஒருவர் டப்பாவை விரலால் அழுத்தி, அழுத்தி, அதை அவள் மார்பில் வைத்தார். அந்த யாரோ ஒருவர் கெட்டவரும் அல்ல, நாய்க்காக அழுகிறவர்தான்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு டப்பா எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியும். எழுந்து போய் அதைக் குப்பையில் போடுங்கள். ஒளித்து வைக்காதீர்கள், அதற்குப் பதிலாகப் பரிசும் வாங்காதீர்கள். நாளைக் காலை உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் படியேறி வந்து நிற்கும்போது ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, வியர்வை ஆறட்டும்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.