இல்லாத குருவி

லண்டனில் தமிழர்கள் ஒருவரையொருவர் தற்செயலாகத்தான் சந்தித்துக்கொள்வார்கள் என்று பத்து வயதுவரை நம்பியிருந்தேன். அம்மாவின் தங்கையான சின்னம்மா, கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டில் இருந்தார். சில வெள்ளிக்கிழமைகளில் அவருக்குப் பட்டுச்சேலை உடுத்தி, ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் குடும்பமாகப் போவோம். சப்பாத்து கழற்றி வைக்கும் இடத்தில் யாரோ ஒரு தாயும் மகனும் எதிர்ப்படுவார்கள். "அட, நீங்களும் வந்தனீங்களோ?" என்று அம்மா வியப்பார். அவர்களும் வியப்பார்கள். மழையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவார்கள். ஒருவரும் சின்னம்மாவை நேராகப் பார்ப்பதில்லை. ஆனாலும் பேச்சு முடிவதற்குள் எல்லோரும் பார்த்து முடித்திருப்பார்கள். அடுத்த சில நாட்கள் தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் அம்மா ஓடுவார். பிறகு ஓடமாட்டார்.

பெண் பார்ப்பதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த ஏற்பாடு அது. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் அவமானம். கோயிலில் கண்டால் கண்டதாகவே கணக்கில்லை. இது எனக்குப் பிற்பாடு விளங்கியது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறைக்கு, கென்யாவின் நக்குரு ஏரித் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம் என்று அப்பா சொன்னபோது, அது எனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் பறவை பார்க்கிற பைத்தியம் எனக்கு மட்டும்தான் இருந்தது. அப்பா புதிதாக ஒரு தொலைநோக்கியும் வாங்கித் தந்தார். நூலகப் புத்தகத்தில் படித்ததை வைத்து எல்லோருக்கும் மண்ணிற உடுப்பு வேண்டும் என்று நான் சொல்லி முடிக்க, அம்மா சின்னம்மாவின் பெட்டியில் செம்மஞ்சள் பட்டுச்சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த நிறத்தைக் கண்டால் எல்லாம் ஓடிப்போயிடும்."

"ஓடுறது ஓடட்டும் பிள்ளை. நிக்கவேண்டியது நிண்டால் போதும்."

சின்னம்மாவுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. "இதுவும் சரிவரேல்லை எண்டால் இனி நான் ஒருத்தரிட்டையும் வாய் திறக்கமாட்டன்" என்று அம்மா அவரிடம் சொன்னதைக் கேட்டேன். விமானச் சீட்டைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பூங்காவுக்குள் இருந்த விடுதியில் நாங்கள் போய் இறங்கிய மாலை, தேநீர் மேசையில் ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். "அட, நீங்களும் இஞ்சயோ!" என்றார் அம்மா. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொக்குவில் ஆட்கள். மகன் நைரோபியில் நெடுநாளாக வேலை செய்யும் பொறியியலாளர். தாய் ஊரிலிருந்து வந்து ஒரு மாதமாக அவரோடு இருக்கிறார். காண்டாமிருகங்கள் மேயும் காட்டின் நடுவே கொக்குவில்காரரைச் சந்திப்பது எவ்வளவு பெரிய அதிசயம்! அந்த மேசையில் உண்மையாகவே வியந்தது நான் ஒருத்திதான்.

எனக்கு அந்த மகனைப் பிடித்துப்போனது. மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர். அவருடைய தொலைநோக்கியின் கறுப்பு, பிடித்துப் பிடித்து ஓரங்களில் தேய்ந்திருந்தது. மரத்தில் ஒரு குரல் கேட்டால் தலையைத் தூக்காமலே பெயரைச் சொல்வார். சொல்லிவிட்டு, சரிதானா என்று நான் பார்த்துச் சொல்லும்வரை காத்திருப்பார்.

மறுநாள் காலை அவருடைய பழைய ஜீப்பில் எல்லோரும் புறப்பட்டோம். குளிராக இருந்தது. பட்டுச்சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சின்னம்மா என்னோடு பின்இருக்கையில் இருந்தார். நடுஇருக்கையில் அம்மாவும் பொறியியலாளரின் தாயும். அப்பா முன்னால், ஜீப்பை ஓட்டிய அவருக்குப் பக்கத்தில். தாய் ஒட்டகச்சிவிங்கி பார்க்கத் திரும்பும்போதெல்லாம் சின்னம்மாவைப் பார்த்தார். சின்னம்மா ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார்.

பாதையின் குலுக்கலில் என் தொலைநோக்கியின் மூடி கீழே விழுந்துவிட்டது. குனிந்து இருக்கைக்கு அடியில் துழாவினேன். கையில் மூடி அகப்படவில்லை. சின்னச் சிவப்பு இறப்பர் சப்பாத்து ஒன்று அகப்பட்டது. இரண்டு வயதுக் குழந்தைக்குத்தான் அளவாக இருக்கும். அடியில் சேறு காய்ந்திருந்தது. முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். "இது ஆருடைய சப்பாத்து?" என்று கேட்க வாய் திறந்தபோது, பின்பார்வைக் கண்ணாடியில் அவருடைய கண்கள் தெரிந்தன. ஜீப் திடீரென்று நின்றது.

"என்ன தம்பி, சிங்கமோ?" என்றார் தாய்.

"இல்லையம்மா." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "குருவி."

"குருவிக்கோ இப்பிடி நிப்பாட்டினனீ? என்ர இடுப்பு போச்சு!"

எல்லோரும் அவர் கைகாட்டிய பக்கம் பார்த்தார்கள். அதற்குள் சின்னம்மா என் கையிலிருந்த சப்பாத்தை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்து மூடிவிட்டார். "பிறகு கதைப்பம் குஞ்சு" என்று காதுக்குள் சொன்னார். நான் தொலைநோக்கியை எடுத்து அந்தப் பக்கத்தை ஒழுங்காக இடமிருந்து வலமாகத் தேடினேன். புல், ஒரு முள்மரம், மறுபடி புல். குருவி இல்லை. பறவையின் குரலை வைத்தே பெயர் சொல்லும் மனிதர், இல்லாத குருவிக்காக ஏன் வண்டியை நிறுத்தினார் என்பது எனக்குப் பெரிய குழப்பமாகிவிட்டது. மீதி வழி முழுக்க அவர் எனக்கு ஒரு பறவையும் காட்டவில்லை.

ஏரிக்கரையில் இறங்கி நடக்க விட்டார்கள். தண்ணீரின் ஓரம் முழுவதும் பூநாரைகள் இளஞ்சிவப்பாக நின்றன. "உதென்ன, எங்கட அரியாலைக் கடலிலையும் வந்து நிக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டு அவருடைய தாய் அம்மாவோடு ஜீப்பின் நிழலில் உட்கார்ந்தார். சின்னம்மாவும் அவரும் கரையோரம் நடக்கத் தொடங்கினார்கள். நானும் கிளம்பினேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"நீ இஞ்ச நில்லு. அவை கதைக்கட்டும்."

அதனால் தொலைநோக்கியில் பார்த்தேன். பூநாரைகளைத்தான் பார்க்கத் தொடங்கினேன். அவர்கள் குறுக்கே வந்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி நெடுநேரம் பேசினார். சின்னம்மா கைப்பையைத் திறந்து அந்தச் சப்பாத்தை எடுத்தார். காய்ந்த சேற்றைத் தட்டி, செம்மஞ்சள் சேலைத் தலைப்பால் துடைத்து அவரிடம் கொடுத்தார். பட்டில் சேறு படிந்தால் போகாது என்று எனக்கே தெரியும். பிறகு சின்னம்மா ஏதோ சொன்னார். அவர் சிரித்தார். சின்னம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆர்ச்வேயில் ஒருநாளும் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

சிரிப்பு அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். "பாருங்கோ, சிரிக்கினம்" என்று அப்பாவின் கையைப் பிடித்தார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"நல்லூர்த் திருவிழா முடிய நாள் வைப்பம்" என்றார் அவருடைய தாய்.

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில், எல்லோரும் இருக்கத்தக்கதாக, சின்னம்மா சொன்னார்: "அக்கா, எனக்கு இது சரிவராது."

"என்னடி சொல்லுறாய்?"

"இஞ்சத்தை வெயில் எனக்கு ஒத்துவராது."

வெளியே பனிமூட்டம். மேசையில் ஒவ்வொருவரும் கம்பளிச் சட்டையோடு இருந்தோம். அம்மா யன்னலைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். "எந்த வெயில்?" என்று கேட்ட குரல் உடைந்திருந்தது.

"லண்டன்காரியளுக்குத் தலைக்கனம் கூடித்தான் போச்சு" என்றார் தாய்.

"விடுங்கோ அம்மா" என்றார் அவர். "அவவிலை ஒரு பிழையும் இல்லை." அவருடைய தேநீர் அப்படியே ஆறிப்போனது.

திரும்பும் விமானத்தில் அம்மா சின்னம்மாவோடு பேசவில்லை. பிறகு லண்டனின் எட்மண்டன்வரை கதை பரவியது. ஆப்பிரிக்காவரை போய் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னவர் என்று சின்னம்மாவுக்குப் பெயர் வந்தது. அதன் பிறகு யாரும் எங்களைத் தற்செயலாகச் சந்திக்கவில்லை.

நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அந்தத் தாய் காலமான செய்தி வந்து சில மாதங்களில், நைரோபியிலிருந்து சின்னம்மாவுக்கு ஒரு படம் வந்தது. ஏரிக்கரையில் அந்தப் பொறியியலாளர், அவருக்குப் பக்கத்தில் ஒரு கென்யப் பெண், நடுவில் அவரைப் போலவே மெலிந்த, கண்ணாடி போட்ட மகள். அவள் கழுத்தில் அந்தத் தேய்ந்த தொலைநோக்கி. தாய் ஊரிலிருந்து வந்து நின்ற அந்த மாதம் அந்தக் குழந்தை வேறெங்கோ வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சப்பாத்து மட்டும் தவறி ஜீப்பில் நின்றுவிட்டது. சின்னம்மா படத்தைச் சுவரில் மாட்டவில்லை. சாப்பாட்டறை அலமாரியில், நல்ல கோப்பைகளுக்கு முன்னால் வைத்தார்.

ஆனால் நான் சொல்ல நினைத்தது, திரும்பி வந்த முதல் வெள்ளிக்கிழமையைப் பற்றி. அம்மா வரவில்லை. சின்னம்மா வேலைக்குப் போடும் கோட்டோடு என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சப்பாத்து வைக்கும் இடத்தில் நான் வழக்கம்போல் சுற்றிப் பார்த்தேன்.

"சின்னம்மா, இண்டைக்கு ஒருத்தரையும் காணேல்லை."

"ஓம், காணேல்லைத்தான்."

அங்கே யாருடைய குழந்தையின் சப்பாத்தோ ஒன்று இங்கும் ஒன்று அங்குமாகக் கிடந்தன. சின்னம்மா குனிந்து இரண்டையும் சேர்த்து வைத்தார். எனக்குச் சிவப்புச் சப்பாத்து நினைவுக்கு வந்தது. முன்பு யாரோ ஜீப்பில் வந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது என்றே அப்போதும் நம்பியிருந்தேன். அந்தப் பிள்ளை முள்ளும் கல்லுமான காட்டில் ஒற்றைக்காலில் சப்பாத்தோடு நிற்குமே என்று பல நாட்களாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

"இல்லைக் குஞ்சு. அது வீட்டை போய்ச் சேர்ந்திருக்கும்."

சொந்தக்காரர் யாரென்று தெரியாத சப்பாத்து எப்படி வீடு போய்ச் சேரும்? கேட்டிருப்பேன். ஆனால் அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று எனக்கு இருந்தது.

"அண்டைக்கு அவர் நிப்பாட்டிப் பார்த்தது என்ன குருவி?"

சின்னம்மா என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டார்.

"ஆம்பிளைக் குருவி" என்றார். "பயந்துபோய் இருந்தது."

வீட்டுக்குப் போனதும் நூலகப் புத்தகத்தை எடுத்து, ஆண்பறவைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முள்மரத்துப் பக்கம் எதுவும் பறந்ததாக எனக்கு நினைவில்லை.