ஈரம் ஆகாத சாமி

பாலை ஊற்றி, மஞ்சள் தண்ணீரும் ஊற்றி, தாம்பாளத்தில் வழிந்ததைத் தொட்டு மருமகள் தென்றலின் வயிற்றில் தடவிய பிறகுதான் பூங்காவனத்துக்கு வெள்ளிக்கிழமை விடியும்.

குன்னத்துக்குப் பக்கத்தில் அவர்கள் மக்காச்சோளக் கொல்லைக் கிணற்றை ஆழப்படுத்தியபோது களிமண்ணுக்குள் கிடைத்த கல் அது. தேங்காய் அளவு. சுற்றிலும் பித்தளைபோல மினுங்கும் இதழ்கள். இரண்டு முறை கரு கலைந்த தென்றலுக்கு அந்த மாதமே தங்கியது. கல் பூசையறைக்குள் போய்விட்டது.

பூங்காவனம் பயந்த பிறவி. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்கும் சேர்த்துக் கும்பிட்டுக்கொள்வாள். பருத்திச் செடியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஞ்சில் கை வைக்கமாட்டாள். மருமகளுக்கு எத்தனை மாசம் என்று யாராவது கேட்டால், "ஆவுதுங்க, ஆவுதுங்க" என்று நகர்ந்துவிடுவாள்.

கொஞ்ச நாளாகக் கல்லில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. வெடித்த பட்டாசு வாடை. அடியில் விரித்த பட்டுத்துணி இற்றுப்போனது. தன்மேல்தான் ஏதோ குற்றம் என்று தினமுமே பால் ஊற்றத் தொடங்கினாள். நேற்று ஓர் இதழ் உதிர்ந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அபூர்வக் கற்களைச் சேர்த்துவைக்கும் அன்பழகன், கேள்விப்பட்டு அரியலூரிலிருந்து வந்திருந்தார். பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இரும்பும் கந்தகமும் சேந்த கல்லும்மா. நீங்க ஊத்துன பாலுதான் இத அரிக்குது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கணும். மூச்சுக்காத்து ஈரம்கூட ஆவாது."

"சாமியக் குளிப்பாட்டாம எப்படித் தம்பி வச்சிருக்கறது?"

"குளிப்பாட்டுனா உதுந்தே போயிரும். அந்தத் தண்ணிய அந்தப் புள்ள மேல தடவாதீங்க, புண்ணாயிரும். எங்கிட்டக் குடுங்களேன், பத்திரமா வச்சுக்கறேன்."

பூங்காவனம் கல்லை மறைத்தாற்போல முன்னால் வந்து நின்றுகொண்டாள். "புள்ள பொறக்கற வரைக்கும் அது இந்த வூட்ட விட்டு அசையக்கூடாது தம்பி. அது உதுந்தா இதுவும்..." மீதியை விழுங்கிக்கொண்டாள்.

அவர் போனதும் உலர்ந்த துண்டை எடுத்துவந்து கல்லைத் துடைக்கக் குனிந்தாள்.

உள்ளிருந்து தென்றல் கூப்பிட்டாள். "அத்த, அடிவயிறு இழுத்துப் புடிக்கிற மாதிரி இருக்கு. செத்த வாங்களேன்."

துடைத்துக்கொண்டிருந்த பூங்காவனம், மறு கையால் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டிருந்தாள்.