எட்டடியா, பத்தடியா

அந்தப் பழைய சரக்கு வண்டி போனது ஒரு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை வண்டியை வீட்டை விட்டு அனுப்பினால் லட்சுமியும் கூடவே ஏறிப் போய்விடுவாள் என்று, வாங்கியவரை முந்தின நாளே வரச் சொல்லியிருந்தார் ஆதிமூலம் மாமா. கோரிமேட்டுப் பக்கத்திலிருந்து வந்த அந்த மனிதர் சாவியை வாங்கி ஏறி உட்கார்ந்த பிறகுதான் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த அம்மன் படம் மாமாவுக்கு நினைவு வந்தது. ஓடிப்போய் நகத்தால் சுரண்டினார். ஓரம் மட்டும் உரிந்தது. "சரி, அவளுக்கு எறங்க இஷ்டமில்ல. நீங்களே வெச்சிக்குங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டார். வண்டி கருவடிக்குப்பம் தெருமுனையில் திரும்பி மறைந்தது. எப்போதும் அதன் பின்னால் கொக்கியில் மாட்டிக்கொண்டு போகும் ஜெனரேட்டர், இரண்டு சக்கரத்தோடு, மூக்கு தரையில் குத்தியபடி வாசலில் தனியாக நின்றது.

நான் அப்போதுதான் மூன்று வருடம் வெளிநாடுகளில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு எதிர்வீட்டுக்கு, அதாவது என் அம்மா வீட்டுக்கு, திரும்பியிருந்தேன். வேலை எதுவும் இல்லை. அதனால் மாமாவின் குழப்பத்தை முதல் நாளிலிருந்தே உட்கார்ந்து பார்க்க முடிந்தது.

மாமா லைட்டு, மைக்செட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். பாகூர் பக்கம் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவர். மீசை முளைத்த வயதில் சாமி ஊர்வலத்துக்கு ட்யூப்லைட்டைத் தலையில் சுமந்து நடக்கப் போனார். அந்த வரிசையின் கடைசியில் ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தவர்தான் அவர் கண்ணுக்கு ராஜாவாகத் தெரிந்தாராம். சந்திரகலா அத்தையைப் பார்த்தது அத்தையின் அக்கா கல்யாணத்தில். விடியற்கால முகூர்த்தம், தாலி கட்டும் நேரம், ஜெனரேட்டர் நின்றுவிட்டது. இருட்டில் ஒரு குரல் "யாருய்யா அந்த லைட்டுக்காரன்?" என்று கத்தியது. அந்தக் குரலைத்தான் அவர் கட்டிக்கொண்டார்.

ஆனால் தெருவில் அவரை யாரும் லைட்டுக்காரர் என்று சொல்வதில்லை. அம்மன் வண்டிக்காரர் என்பார்கள். என் அம்மாவின் போனில்கூட அப்படித்தான் பதிந்திருக்கிறது. மாசி மகத்தன்று சுற்றுவட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகும். எங்கள் தெருக்கோடி மாரியம்மன் வருடாவருடம் போனது மாமாவின் வண்டியில்தான். ஒன்பதடி நீளப் பின்பக்கம். அம்மன், அவளைச் சுற்றி வளைந்து நிற்கும் திருவாசி, பூ ஜோடனை, பூசாரி எல்லாம் அதில் கச்சிதமாக அடங்கும். விளக்குகளுக்கு ஜெனரேட்டர் பின்னால் கொக்கியில் வரும்.

வண்டி போன மறுநாளே கோயில் பொறுப்பிலிருக்கும் கலியபெருமாள் வந்துவிட்டார்.

"மாசிக்குள்ள வண்டி வந்துடுமா ஆதிமூலம்? பாலகுரு மினி லாரி வாங்கிட்டான். நான் ஏத்திக்கினு போறேன்னு நிக்கிறான்."

"வந்துடும்ணே. நான் இல்லாம அம்மன் எப்படிப் போவா?"

"அவ போயிடுவா. நீதான் போவ முடியாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாமா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

பிரச்சினை என்னவென்றால், மாமாவுக்குப் பிடித்த வண்டியில் எட்டடியும் பத்தடியும்தான் கைவசம் இருந்தன. ஒன்பதடி வேண்டுமென்றால் மாசி தாண்டிவிடும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். எட்டடி என்றால் தினசரிப் பிழைப்புக்கு நல்லது, முத்தியால்பேட்டைச் சந்துகளில் கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் நுழையலாம். பத்தடி என்றால் அம்மனுக்கு நல்லது. பின்னால் ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டு எது எப்படி ஓடும் என்பது யாருக்கும் தெரியவில்லை. தெரியாத எல்லோரும் சொன்னார்கள். நீளமான வண்டிதான் இழுக்க ஆடாமல் போகும் என்றார் ஒருவர். நீளமான வண்டிதான் பின்னால் ஆட்டும் என்றார் அவருடைய மச்சான்.

"ஒம்போதடியில இருந்தவ எட்டடியில அடங்க மாட்டாளா? அம்மன மட்டும் அளந்து பாரேன்" என்றார் அத்தை.

அங்கேதான் சிக்கல் முற்றியது. சாமியை டேப் வைத்து அளக்கக் கூடாது என்பது மாமாவின் பிடிவாதம். காலையில் சாமி கும்பிடப் போவார். கன்னத்தில் போட்டுக்கொண்டே ஓரக்கண்ணால் திருவாசியைப் பார்ப்பார். கையை ஏதோ வேண்டுதல் போல விரித்து, அந்த அகலம் மாறாமல் வீடுவரை நடந்து வருவார். வழியில் யாராவது வணக்கம் சொன்னால் போச்சு. ஒரு நாள் நாலடி வரும், ஒரு நாள் ஐந்தரை வரும்.

"நேத்தைக்கு இன்னைக்கு வளந்துட்டாளா உன் அம்மன்?" என்பார் அத்தை.

கடைசியில் அத்தையே கோலமாவை எடுத்து வந்து, தெருவில் எட்டடிக்கு ஒரு கட்டமும் பத்தடிக்கு ஒரு கட்டமும் போட்டார். அம்மனுக்குப் பதிலாக என்னை நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். "கைய அகட்டிக்க சங்கவி, நீதான் திருவாசி" என்றார் மாமா. பூசாரி இடத்தில் அவர் நின்றார். எட்டடிக் கட்டத்தில் அவருடைய குதிகால் கோட்டைத் தாண்டி விழுந்தது. பத்தடிக் கட்டத்தைச் சோதிக்க முடியவில்லை. அதற்குள் தெருநாய் வந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டது.

"பார்த்தியா, பத்தடி வாங்குன்னு அதுவே சொல்லுது" என்றார் மாமா.

"அதுக்குத்தான் அங்க ரேஷன் கார்டு இருக்குது" என்றார் அத்தை.

ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தீர்மானித்தோம். தவளக்குப்பத்தில் காய்கறி ஏற்றும் ஒரு நண்பரிடம் பத்தடி வண்டி இருந்தது, கொக்கியோடு. அதில் ஜெனரேட்டரை மாட்டிக்கொண்டு முத்தியால்பேட்டையில் மாமா வழக்கமாகப் போகும் ஒரு சந்தில் நுழைந்தோம். முதல் திருப்பத்தில் வண்டி திரும்பிவிட்டது, ஜெனரேட்டர் திரும்பவில்லை. அதன் ஒரு சக்கரம் சாக்கடை மூடியில் ஏறி நின்றது. பின்னால் எடுக்கவும் வழியில்லை. மாமா ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ஜெனரேட்டர் வலப்பக்கம் போனது. நாங்கள் இறங்கி, கொக்கியைக் கழற்றி, அதைக் கையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். சந்தில் இருந்த ஒரு அம்மாள் மாடியிலிருந்து கேட்டார், "கல்யாணமா, சாவா?" மாமா ஜெனரேட்டரை இன்னும் வேகமாகத் தள்ளினார்.

அடுத்து எட்டடி. தண்ணீர் கேன் போடுகிறவரிடம் இரவல் வாங்கியது. சந்தில் அழகாக நுழைந்தது. ஆனால் லைட்டுக் கம்பங்கள் பின்கதவைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தன. திருப்பத்தில் ஒரு கம்பம் ஜெனரேட்டரின் புகைக்குழாயில் இடித்து அதை நசுக்கிவிட்டது. மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போய் நின்றார்.

"பாப்பா, நீ உலகம் பூரா சுத்திட்டு வந்தவ. அங்கல்லாம் இன்னா பண்றானுங்க?"

எனக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. பார்த்ததைச் சொன்னேன். அங்கே பின்பக்கம் ரொம்பக் குட்டையாக உள்ள வண்டியில் நாலு பேர் சொகுசாக உட்கார்ந்து, பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள் என்றேன்.

"வூட்டையேவா? உள்ள ஆளோடவா?"

"போறப்போ ஆள் இல்ல மாமா. கட்டிலு, அடுப்பு எல்லாம் இருக்கும்."

மாமா அதை நம்பவில்லை என்று நினைத்தேன். சாயங்காலம் அத்தையிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார். அத்தை வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தவர், நிமிராமலே சொன்னார்: "அப்போ ஜெனரேட்டரத் தூக்கி வண்டி மேல வெய்யி. அம்மன அந்த ரெண்டு சக்கரத்து மேல உக்கார வெய்யி. எட்டடி போதுமே."

மாமா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஜெனரேட்டரின் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் நீட்டி, பலகை அடித்தால் எவ்வளவு பெரிய பூ ஜோடனையும் அதில் நிற்கும்.

கலியபெருமாளுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. "இன்னாம்மா பேசற? அம்மன வண்டிக்குப் பின்னால கட்டி இழுத்துக்கினு போறதா?"

"தேர இன்னா, தள்ளிக்கினா போறீங்க?" என்றார் அத்தை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "ஜெனரேட்டரு முன்னால இருந்தா பொக முழுக்க ஆத்தா மூஞ்சியிலதானே அடிக்கும்?" என்றார். அது நியாயமான கேள்விதான். புகைக்குழாய் எப்படியும் நசுங்கிவிட்டது, புதிதாக வைப்பதை மேல்நோக்கி உயரமாக வைத்துவிடலாம் என்றார் மாமா. கலியபெருமாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மாசி வரட்டும் பார்க்கலாம். பாலகுருவையும் தயாரா இருக்கச் சொல்றேன்" என்று போய்விட்டார்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு மாமா எட்டடி வண்டியை வாங்கினார். சாவி வாங்கும்போதுகூடப் பக்கத்தில் நின்ற பத்தடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை நகர்த்தும்போது என்னிடம் கேட்டார், "தப்புப் பண்ணிட்டேனா பாப்பா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. இழுவைச் சட்டத்துக்குப் பலகை அடிக்கும் சத்தம் சில நாள் தெருவில் கேட்டது. வெல்டிங் வைத்தவர் இது மீன் வண்டியா என்று கேட்டு அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மாசிக்கு முன்பே நான் மறுபடி கிளம்பிவிட்டேன். எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்பதில்லை.

பிறகு என் எண் மாறியது. மாமா பழைய எண்ணுக்கே பேசிப் பேசி அனுப்பியிருக்கிறார். அம்மாவிடம் புது எண் வாங்கி அவர் அனுப்பிய குரல்செய்தி வந்தபோது, ஊரில் ஆடி மாதம். பின்னால் சீரியல் லைட்டைச் சோதிக்கும் சத்தம் கேட்டது.

"பாப்பா, மாமா பேசறேன். நீதான் போனை எடுக்க மாட்டேன்றே. அம்மன் நம்ம வண்டியிலதான் போனா. பாலகுரு லாரி சும்மாத்தான் நின்னுச்சு. வழியெல்லாம் அம்மன் தாழ உக்காந்திருக்கிறா இல்ல, கொழந்தைங்ககூட எட்டித் தொட்டுக் கும்பிட்டுச்சுங்க. கலியபெருமாளும் கூடவே நடந்து வந்தாரு. வைத்திக்குப்பத்தில மணல்கிட்ட போனதும் வண்டிய ரிவர்ஸ் எடுன்னாங்க. உனக்குத்தான் தெரியுமே, நான் இந்தப் பக்கம் ஒடிச்சா அது அந்தப் பக்கம் போவுது. சனங்க பார்த்துச்சுங்க, பார்த்துச்சுங்க, கொக்கியக் கழட்டி விட்டுட்டு, கயிறு கட்டி அவங்களே அலைவரைக்கும் இழுத்துக்கினு போயிட்டாங்க. கலியபெருமாளுதான் மொத ஆளு. இனிமே வருசா வருசம் இப்படித்தானாம். என் இழுவைதான் வேணுமாம். கோயில்ல இருந்தே கையால இழுக்கலாமான்னு கூடப் பேச்சு அடிபடுது. அப்போ அம்மனுக்கு வண்டியே வேணாம். எட்டடியும் வேணாம், பத்தடியும் வேணாம். ஆனா தெருவில இன்னமும் அம்மன் வண்டிக்காரர்னுதான் கூப்பிடறாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. அதான் கேக்கறேன், லைட்டுக் கம்பம் இப்பவும் பின்னால நீட்டிக்கினுதான் இருக்குது. பத்தடியே வாங்கியிருக்கலாமோ? நீ இன்னா சொல்றே?"

தூரத்திலிருந்து அத்தையின் குரல்.

"யோவ், கம்பத்த அறுய்யா!"