திருப்பத் தெரியாத டிரைவர்

ஊரில் பஸ் டிரைவர்கள் இருந்தார்கள், லாரி டிரைவர்கள் இருந்தார்கள். ஆனால் முன்னால் எதுவும் சேர்க்காமல் ‘டிரைவர்’ என்று சொன்னால் அது அவர் ஒருவரைத்தான். சிமெண்ட் ஆலை ஓடிய காலத்தில், கல்குவாரியிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிவந்த குட்டி ரயிலின் இன்ஜினை ஓட்டியவர். மீசை அரும்பும் வயதில் எண்ணெய் துடைக்கும் ஆளாகச் சேர்ந்து, பிறகு உதவியாளாகி, கடைசியில் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை, ஆலைதான் எழுந்து போனது என்று அவர் மனைவி சொல்வாள்.

அவரைப் பற்றி ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்றுதான். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது.

அதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் சைக்கிள்கள் வெள்ளம் போல் வரும், போகும். அவருக்கு மட்டும் இன்ஜின் கொட்டகையை ஒட்டியே வீடு. பின்கதவைத் திறந்தால் வேலை. இளவட்டத்தில் ஒருமுறை வாடகைச் சைக்கிள் எடுத்துப் பழகப் போய்த் தெருமுனைச் சாக்கடையில் விழுந்தார். குழாயடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்று பிற்பாடு அவர் வீட்டுக்கே வாழவந்தது. அன்றைக்குச் சைக்கிளைத் தலைமுழுகியவர், அதன் பிறகு கடைத்தெருவுக்குப் போனாலும் நடந்துதான் போவார். நடப்பது உடம்புக்கு நல்லது என்பார். ஊரும் அதை நம்பியது.

குட்டி ரயில் பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை ஆலைக்கு, இன்னொன்று பழைய குவாரிக்கு. பிரியும் இடத்தில் ஒரு இரும்பு நெம்புகோல். அதை இழுத்தால் தண்டவாளம் நகர்ந்து, ரயில் போகவேண்டிய பக்கம் திரும்பும். அதை இழுக்கும் வேலைக்கு ஓர் ஆள் இருந்தார். பாயிண்ட்காரர் என்பார்கள். டிரைவருக்கு ஒத்த வயது, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வாடா போடா சிநேகிதம். இன்ஜின் வரும் சத்தம் கேட்டால் பாயிண்ட்காரர் பீடியை வாயில் வைத்தபடி நெம்புகோலை இழுத்துவிட்டு கையை உயர்த்துவார். டிரைவரும் கையை உயர்த்துவார். அதற்குமேல் அவர்களுக்குள் பேச்சு தேவைப்பட்டதில்லை.

ஆலை மூடியது. தண்டவாளத்தைக் கழற்றி எடுத்துப் போனார்கள். டிரைவர் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்து வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். பாயிண்ட்காரர் பஞ்சர் கடை போட்டார். பாதை முழுக்க முள் மண்டியது.

பிறகு ஒருநாள் சர்க்காருக்கு அந்த முள்ளுக்குள் ஏதோ தெரிந்திருக்கிறது. சுற்றுலாத் துறையிலிருந்து ஆட்கள் வந்து அளந்தார்கள். குவாரிப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் படகு விடப்போகிறார்கள், இன்ஜின் கொட்டகை காட்சிக்கூடம் ஆகப்போகிறது, ரயில் ஓடிய பாதையில் சைக்கிள் ஓட்டலாம் என்று பேச்சு வந்தது. தொழில் பாரம்பரியம், ஆரோக்கியமான பொழுதுபோக்கு என்று இரண்டு வாசகங்களைப் பெரிய பலகையில் எழுதி வைத்தார்கள். பழைய ஆலைக்காரர்கள் பலகையடியில் நின்று சிரித்தார்கள். காலமெல்லாம் சைக்கிள் மிதித்து மிதித்து மூட்டு தேய்ந்தபோது ஒருவரும் அதைப் பொழுதுபோக்கு என்று சொல்லவில்லையே என்றார் ஒருவர். இனிமேல் டிக்கெட் எடுத்து மிதிப்பார்கள், அதுதான் வித்தியாசம் என்றார் இன்னொருவர்.

வழிகாட்டி வேலைக்கு ஆலையில் உழைத்தவர் ஒருவர் வேண்டும் என்று இளம் பெண் அதிகாரி ஒருவர் வந்தார். கொட்டகைக்குள் நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார். பாயிண்ட்காரரும் வந்திருந்தார், சைக்கிளில். அதை வெளியே சாத்திவிட்டு, துவைத்த சட்டையை நீவிக்கொண்டே வரிசையில் நின்றார். அவருக்கு அந்த வேலைமேல் எவ்வளவு ஆசை என்பது அந்தச் சட்டையிலேயே தெரிந்தது.

டிரைவரிடம் அதிகாரி ரொம்ப நேரம் பேசினார். இன்ஜின், சங்கு, மழைநாள் ஓட்டம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வருகிறவர்களைச் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போகவேண்டும், ஓட்டுவீர்கள் இல்லையா என்றார்.

“இன்ஜினையே ஓட்டினவன்கிட்ட என்னம்மா கேள்வி இது?” என்றார் டிரைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். பாயிண்ட்காரர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். டிரைவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய் இல்லை என்பதைத்தான் பிற்பாடு அவரால் பொறுக்கவே முடியவில்லை.

அடுத்து பாயிண்ட்காரரிடம், உங்களுக்கு என்ன வேலை ஐயா என்றார் அதிகாரி. கம்பியை இழுத்துவிடுவேன் என்றார் அவர். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தில் டிரைவர் வாயைத் திறந்திருக்கலாம். அவன் இழுக்காவிட்டால் என் வண்டி எங்கேயும் போயிருக்காது, பாதையும் அவனுக்குத்தான் அத்துப்படி, சைக்கிளும் அவனுக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேலை டிரைவருக்குக் கிடைத்தது. பாயிண்ட்காரர் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, மறுபடியும் உன் லைன் உனக்கே வந்துடுச்சுடா என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். “ஏங்க, உங்களுக்கு மண்டை குழம்பிடுச்சா? சைக்கிளா?”

“பழகிக்கலாம்.”

“விழுந்தா எலும்பு கூடுற வயசா இது?”

ஆனாலும் அவள்தான் பழக்கினாள். விடிவதற்கு முன்னால் கொட்டகைக்குப் பின்புறம், துறை கொடுத்த புதுச் சைக்கிளின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஆச்சரியமாக, நேர்ப்பாதையில் அவர் சீக்கிரமே ஓட்டிவிட்டார். கை நடுங்கவில்லை, உடம்பு ஆடவில்லை. வளைவு வந்தால்தான் வினை. பார்வை வளைவோடு திரும்பும், கை அசையாது. ஹேண்டிலை இரும்பாகப் பிடித்துக்கொண்டு நேரே போய்ப் புதரில் நிற்பார்.

“வளைவு வந்தா வளைக்கணும்ங்க.”

“தெரியுது. அதுவா வளைஞ்சுடும்னு கை நினைக்குது.”

ஆயுசெல்லாம் வண்டி ஓட்டியவர். முடுக்கியிருக்கிறார், நிறுத்தியிருக்கிறார், பின்னால் தள்ளியிருக்கிறார். ஒரே ஒரு தடவைகூட எதையும் திருப்பியதில்லை. திருப்பும் வேலை தண்டவாளத்தின் வேலை, தண்டவாளத்தைத் திருப்புவது பாயிண்ட்காரரின் வேலை. மூளைக்குப் புரிந்தது கைக்குப் புரிய மறுத்தது. முட்டியில் தேங்காய் எண்ணெய் தடவியபடி மனைவி, போய்ச் சொல்லிவிடுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றார். சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும் என்பதைவிட, யாரைத் தள்ளிவிட்டு அந்த வேலையில் நிற்கிறோம் என்பது வெளியே வந்துவிடுமே என்று இருந்தது அவருக்கு.

பாதை திறந்தது. நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். டிரைவர் நீலச் சட்டையும் அடையாள அட்டையும் மாட்டிக்கொண்டு முன்னால் போவார். முதல் நேர்ப்பாதையில் ஜம்மென்று ஓட்டுவார். வளைவு நெருங்கினால் கையைத் தூக்கி எல்லோரையும் இறங்கச் சொல்வார். இந்த இடத்தின் வரலாற்றை நடந்தே பார்க்கவேண்டும் என்பார். அந்தப் பாதையில் வளைவுகள் அதிகம் என்பதால் வரலாறும் அதிகமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று நடந்திருந்தது. ஒன்றும் தோன்றாத நாட்களில் சக்கரத்தை அழுத்திப் பார்த்து, பஞ்சர் என்று உதட்டைப் பிதுக்குவார்.

பஞ்சர் என்றால் பாயிண்ட்காரரிடம்தான் போகவேண்டும். அவர் கடை பாதையின் தொடக்கத்திலேயே இருந்தது. முதல் தடவை டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தார். டிரைவர் எங்கோ பார்த்தார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள்.

“பெரிய ஓட்டைங்க. நேரமாகும். நீங்க போய்ட்டு வாங்க, வழி தப்பாது,” என்று அவர்களை அனுப்பிவைத்தார் பாயிண்ட்காரர். பிறகு டயரைத் திரும்ப மாட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதன்பிறகு டிரைவர் எப்போது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் இப்படித்தான். பாயிண்ட்காரர் முள் கிடைத்தது என்பார், வால்வு போச்சு என்பார். காரணமும் அவரே கண்டுபிடிப்பார். என்றாவது ஒருநாள் திட்டிவிட மாட்டானா என்று டிரைவர் ஏங்க ஆரம்பித்தார். பாயிண்ட்காரர் திட்டவில்லை. அந்தக் கடை வாசலில் நிற்கும்போதெல்லாம் டிரைவருக்கு நீலச் சட்டை உடம்பில் பொருந்தாமல் யாருடையதையோ மாட்டிக்கொண்டு வந்த மாதிரி உறுத்தியது.

காசு கொடுத்துச் சைக்கிள் எடுத்தோம், வழியெல்லாம் நடக்கவிட்டார்கள் என்று புகார் போனது. அதிகாரி தானே ஒரு கூட்டத்தோடு வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். அன்று காலை டிரைவர் சீக்கிரமே பஞ்சர் கடைக்கு வந்துவிட்டார். பாயிண்ட்காரர் பம்பை ஓரமாக வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“காத்தைப் பிடுங்கி விடட்டுமாடா?”

டிரைவர் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். தலை சரியென்று தானாக ஆடியது. காற்று சீறிக்கொண்டு வெளியேறி முடியும்வரை இரண்டு பேரும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதிகாரி வந்தார். பஞ்சர் என்று பாயிண்ட்காரர் ஒப்பித்தார். அதற்கென்ன என்றார் அதிகாரி. “என் வண்டியை எடுத்துக்கங்க ஐயா. நான் ஸ்டாண்டுல இன்னொண்ணு எடுத்துக்கறேன். இன்னிக்கு நடுவுல எங்கயும் இறங்க வேண்டாம். கடைசி வரைக்கும் ஒரே ஓட்டம்.”

டிரைவர் ஏறினார். நேர்ப்பாதையில் சக்கரங்கள் சரசரவென்று போயின. பின்னால் அதிகாரி, அதற்கும் பின்னால் ஏழெட்டுக் குடும்பங்கள், சிரிப்பும் மணியோசையுமாக. முதல் வளைவான பாதை பிரியும் இடம் வந்தது. நெம்புகோலுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, சுற்றிச் சங்கிலி கட்டி, பக்கத்தில் ஒரு விளக்கப் பலகை வைத்திருந்தார்கள். அங்கே இடப்பக்கம் வளையவேண்டும். டிரைவருடைய கண் இடப்பக்கம் திரும்பியது. வலது கை ஹேண்டிலை விட்டு மேலே உயர்ந்தது. யாருக்கென்று அவருக்கே தெரியவில்லை. சைக்கிள் நேரே போய்ச் சங்கிலியில் மோதி, விளக்கப் பலகையைச் சாய்த்துக்கொண்டு மண்ணில் விழுந்தது.

குடும்பங்கள் இறங்கி ஓடிவந்தன. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ விசிறினார்கள். மயக்கமா, நெஞ்சு வலியா என்று அதிகாரி பதறினார். அதற்குள் தகவல் கேட்டு பாயிண்ட்காரர் மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாகச் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, பிரேக்கை அழுத்திப் பார்த்தார்.

“பிரேக் கட்டை வழுக்கிருக்கு மேடம். அவர்மேல தப்பில்ல. காலையில அவரு வண்டியையும் நான்தான் பார்த்தேன், முள்ளுதான் குத்திருந்துச்சு.”

முழங்கையில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்த டிரைவருக்கு, விழுந்தது வலிக்கவில்லை. இது வலித்தது.

“வழுக்கலம்மா,” என்றார். “எனக்கு ஓட்டத் தெரியாது. நீங்க கேட்ட அன்னிக்கே தெரியாது. இவன்தான் ஓட்டுவான்.”

ஒரு பெண் தன் கணவரின் காதில் என்னவோ சொன்னாள். அதிகாரியின் பார்வை டிரைவரிடமிருந்து மெல்ல நகர்ந்து பாயிண்ட்காரரிடம் போய் நின்றது. “அப்ப காலையில பஞ்சர்னு நீங்க சொன்னது?” என்றார்.

பாயிண்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் டிரைவருக்கு உறைத்தது. தன் பாரத்தை இறக்கிவைக்கிற அவசரத்தில், இத்தனை நாள் தன்னைக் காப்பாற்றியவனைக் கூட்டத்துக்கு நடுவில் பொய்யனாக நிறுத்திவிட்டார்.

திரும்பி வரும்போது இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். “வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்டா நீ,” என்றார் பாயிண்ட்காரர். “என்னைக்கோ திறந்திருக்கணும். இல்லன்னா இன்னிக்கு மூடிருக்கணும்.” அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வழிகாட்டி வேலை யாருக்கும் இல்லாமல் சில வாரம் கிடந்தது. இவர்களில் யாரை நம்புவது என்று அதிகாரி தயங்கியிருக்கலாம். டிரைவர் பஸ் பிடித்து நகரத்து அலுவலகத்துக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிட்டபோது உள்ளே போய், பாயிண்ட்காரர் சொன்ன ஒவ்வொரு பொய்யும் தனக்காகச் சொன்னது என்றார். நீலச் சட்டையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோயிருந்தார். மேசைமேல் வைத்தார். அதிகாரி அதைத் தொடவில்லை, உட்காரும்படியும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

வேலை பாயிண்ட்காரருக்கு வந்தது, முதலில் தற்காலிகமாக. பஞ்சர் கடையில் உட்கார ஆள் இல்லை. டிரைவர் தானாகவே போய் உட்கார்ந்தார். உட்காரச் சொல்லி பாயிண்ட்காரர் கூப்பிடவில்லை, எழுந்து போ என்றும் சொல்லவில்லை. காலையில் கடைச் சாவியை எண்ணெய் டப்பாமேல் வைத்துவிட்டுப் போவார். மாலையில் எடுத்துக்கொள்வார். வாடா போடா நின்றுபோயிருந்தது. டிரைவரின் மனைவி மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து டீ கொண்டுவந்து, இரண்டு பேரிடமும் தனித்தனியாகப் பேசிவிட்டுப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம். பாயிண்ட்காரர் கடை வாசலில் எல்லோரையும் நிறுத்தி, பாதையில் எப்படிப் போகவேண்டும் என்று சொல்லித் தருவார். பலகையில் இருக்கும் படத்தைப் பார்த்து, அந்த இன்ஜினை ஓட்டியவர் இப்போது இருக்கிறாரா என்று யாராவது கேட்பார்கள்.

“இருக்காரு,” என்பார் பாயிண்ட்காரர். “நல்லா ஓட்டுவாரு.”

அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார். கையும் காட்டமாட்டார். ஓரடி தள்ளி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் டிரைவர், கூட்டம் நகர்ந்து மணியோசை தேயும்வரை குனிந்த தலையை நிமிர்த்துவதில்லை.