என் காலில் இல்லாத பலம்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் என் சிநேகிதன் முத்தையா, பெற்ற மகளை இங்கே இலங்கையில் விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான். என் மனைவியிடம்கூட இதை நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை, அந்தத் தைரியம்தான்!

அது எழுபதுகளின் நடுப்பகுதி. பதுளையிலிருந்து பசறைக்கு ஏறும் பாதையோரத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஃபெக்டரி இஞ்சினைப் பார்த்துக்கொள்பவன் நான். வயது ஐம்பத்தெட்டு. முத்தையா மலையில் கொழுந்து எடுக்கும் ஆட்களுக்குக் கங்காணி. என்னைவிட இரண்டு வயது இளையவன்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குப் புறப்பட்ட வெள்ளைக்காரத் துரை தம்முடைய சைக்கிளை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பார்வைக்குச் சாதாரண சைக்கிள். ஆனால் பின்சக்கரத்தின் நடுவில், உள்ளுக்குள்ளேயே இரண்டு கியர்! கைப்பிடியில் விசை இல்லை, கம்பி இல்லை. வேகம் கூடினால் 'டக்' என்று தானாகவே பெரிய கியருக்கு மாறும். ஏற்றத்தில் வேகம் குறைந்தால் தானாகவே சின்ன கியருக்கு இறங்கி, மிதியை இலேசாக்கும்.

அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்! முட்டி வலி கண்ட கிழவனுக்கு, யாரோ முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளிவிடுவது போல இருந்தது. பாட்டுக்கூடப் பாடிக்கொண்டு ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் முத்தையாவும் பதுளை கடைவீதிக்குச் சைக்கிளில் இறங்குவோம். திரும்பும்போது பெரிய வளைவில் எல்லோரும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வருவார்கள். அந்த முதல் ஞாயிறு நான் இறங்கவில்லை. வளைவில் தேநீர்க்கடை வைத்திருந்த, நாங்கள் 'நானா' என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர் வெளியே ஓடிவந்து, "யா அல்லா, இந்த வயசுல மிதிச்சே ஏறிட்டீங்களே!" என்று கைதட்டினார். கடையிலிருந்தவர்களும் தட்டினார்கள். ஐம்பத்தெட்டு வருடத்தில் எனக்காக யாரும் கைதட்டியதில்லை, தெரியுமா?

பின்னாலே தள்ளிக்கொண்டு வந்த முத்தையா மூச்சு வாங்கக் கேட்டான்: "சைக்கிள்ல ஏதும் இருக்காண்ணே?"

"சைக்கிள்ல என்னாடா இருக்கு? எல்லாம் காலுதான்" என்றேன்.

இதுதான் அந்தப் பொய். மிசின் தெரிந்தவன் சொன்னதை அவன் ஏன் சந்தேகப்படப் போகிறான்?

அதன்பிறகு 'இரும்புக்கால்காரர்' என்றே எனக்குப் பெயராயிற்று. முத்தையாவும் விடவில்லை. ஞாயிறுதோறும் தன் பழைய சைக்கிளில் என்னைத் துரத்துவான். நான் மேலே காத்திருந்து, "என்னாடா, சோறு திங்கலியா?" என்று கேலி செய்வேன். வெட்கமாக இருக்கிறது... ஆனாலும் அப்போது எனக்கு இனித்தது!

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, முத்தையாவுக்கும் அவன் மனைவிக்கும் இந்தியப் பாஸ்போட் வந்துவிட்டிருந்தது. மகள் பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, இலங்கைப் பிரஜையாகிவிட்டாள். அவளைப் பிரிய மனமின்றி, ஏதாவது சாக்குச் சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தான். "மல ஏறக் காலு இருக்கிற வரைக்கும் நான் போகமாட்டேன்" என்பான். மலை ஏற முடியாத கங்காணிக்குப் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டினால் வேலையும் இல்லை, தோட்டத்து லயத்தில் குடியிருக்க இடமும் இல்லை.

ஒரு ஞாயிறு, பாதி ஏற்றத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"முடிஞ்சுபோச்சுண்ணே. எனக்கு மூத்தவரு நீங்க, பேசிக்கிட்டே ஏறுறீங்க. எனக்கு முட்டி நடுங்குது. அவங்க பேர் வெட்டுறதுக்கு முன்னாடி நானே போயிர்றேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை! சும்மா பேசுகிறான் என்று நினைத்தேன். மறுநாளே, இந்தியாவுக்குப் போவதாக ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டான். அப்புறமும் அவன் புறப்பட ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுவதும் ஏன் வாய் திறக்கவில்லை? அவன் கோபிப்பான் என்றா? இல்லை. தேநீர்க்கடையில் சிரிப்பார்கள் என்று! ஒரு கைதட்டலுக்காக ஒரு குடும்பத்தைப் பிரித்தவனை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்?

பதுளை ஸ்டேஷனில், கப்பல் துறைக்குப் போகும் ரயிலின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மகள் கதறினாள். "ஏப்பா போறீங்க? ஏப்பா?" அவன் என்னைக் காட்டி, "பெரியப்பா மாதிரி எனக்குக் காலு இல்லயே தாயி" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரயில் போய்விட்டது.

எட்டு மாதங்கழித்துக் கொடைக்கானல் பக்கமிருந்து கடிதம் வந்தது.

"அண்ணே, இங்க மரம் சுமக்கிறேன். தெனமும் செங்குத்தான மல. காலு ஒன்னும் செய்யல. அங்க மட்டும் ஏன் அப்படி ஆச்சின்னு புரியல. நீங்க வெவரம் தெரிஞ்சவரு, சொல்லுங்க. மகளத்தான் கண்ணுல பாக்க முடியல."

உண்மையை எழுத உட்கார்ந்தேன். சத்தியமாக எழுதினேன். இரண்டு பக்கம்... படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.

"அந்த ஊர்த் தண்ணி உனக்கு ஒத்துக்கிட்டிருக்கும்" என்று எழுதி அனுப்பினேன்.

பதில் வந்தது. "நீங்க சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்" என்று எழுதியிருந்தான்.